எட்டு மணி நேரத் தேர்வும் எண்களின் ஒழுங்கும்

சென்னையில் இரவு ரயில் ஏறி, விடியற்காலையில் பெங்களூருவில் இறங்கி, சிஸ்கோ நிறுவனத்தின் தேர்வுக்கூடத்தை நோக்கிப் போகும் பொறியாளர்கள் இருக்கிறார்கள். மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் இரவு விழித்துப் படித்தவர்கள். கொண்டுவந்த புத்தகமும் செல்பேசியும் வெளியிலேயே நின்றுவிடும். உள்ளே திரையும் விசைப்பலகையும் ஒரு வினாத்தொகுப்பும் மட்டுமே. ஒரு நிறுவனத்தின் பல ஊர் அலுவலகங்களுக்கான தொலைபேசி அமைப்பு முழுவதையும் மாலைக்குள் இயங்கவைக்க வேண்டும்.

ஐந்தாவது மணி நேரத்தை நினைத்துப் பார்க்கலாம். வெளியிலிருந்து அலுவலகத்துக்கு வரும் அழைப்பு, உரியவரின் மேசையில் மணியடிக்க வேண்டும். மணி அடிக்கவில்லை, அழைத்தவரின் காதில் டயல் டோன் மறுபடியும் ஒலிக்கிறது. தேர்வர் ரவுட்டரில், அழைப்பின் தடத்தைக் காட்டும் டீபக் கட்டளையை இடுகிறார். திரை முழுக்க வரிகள் ஓடுகின்றன. அவற்றின் நடுவே ஒரு வரி, அழைப்பு உள்ளே வந்த வாசலின், அதாவது டயல்-பியரின், எண்ணைச் சொல்கிறது. அந்த எண்ணைப் பார்த்ததும் கோளாறு எங்கே என்று அவருக்குப் புரிகிறதா, இல்லை முழு கான்ஃபிகரேஷனையும் மேலிருந்து கீழே படிக்கத் தொடங்குகிறாரா என்பது, அன்று காலையில் அவர் எண்களை எப்படிக் கொடுத்தார் என்பதைப் பொறுத்தது.

குரல் நெட்வொர்க் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் கட்டளைகளை மனப்பாடம் செய்கிறார்கள். புரோட்டோகால்களைக் கரைத்துக் குடிக்கிறார்கள். எந்த அமைப்புக்கு எந்த எண் என்பதை மட்டும் பலர் யோசிப்பதே இல்லை. வினா வந்த வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுக்கொண்டே போகிறார்கள். அது தயாரிப்பின் பெரிய ஓட்டை. எண்ணிடல் திட்டத்தை முதல் நாள் பயிற்சியிலிருந்தே பாடமாகக் கற்க வேண்டும், கற்பிக்கவும் வேண்டும்.

தேர்வின் கதை: இந்தத் தேர்வில் வென்றவர்களுக்குக் கிடைக்கும் சிசிஐஇ என்ற சான்றிதழை சிஸ்கோ 1993இல் தொடங்கியது. அதன் செய்முறைத் தேர்வு முதலில் இரண்டு நாள் நடந்தது. 2001 அக்டோபரில் ஒரே நாளாக, எட்டு மணி நேரமாகச் சுருங்கியது. தொலைபேசிக்கென்றே ‘சிசிஐஇ வாய்ஸ்’ பிரிவு 2003இல் வந்தது. 2014 பிப்ரவரியில் அது நிறுத்தப்பட்டு, காணொளியையும் சேர்த்துக்கொண்ட ‘சிசிஐஇ கொலாபரேஷன்’ அந்த இடத்தைப் பிடித்தது. 2020 பிப்ரவரியில் தேர்வின் வடிவம் மீண்டும் மாறியது. இப்போது முதல் மூன்று மணி நேரம் வடிவமைப்புக்கு. அடுத்த ஐந்து மணி நேரம் அமைப்பதற்கும் இயக்குவதற்கும் பிழை திருத்துவதற்கும்.

தேர்ச்சி பெறுகிறவர்களுக்கு வாழ்நாள் முழுக்க ஓர் எண் சொந்தமாகிறது. அந்த வரிசையே யோசித்துத் தொடங்கப்பட்டது. வழக்கமாக முதல் எண் 1. அதை விட்டு, கணினியாளர்களுக்குப் பழக்கமான 1024இல் எண்ணத் தொடங்கினார்கள். 1024 எந்த மனிதருக்கும் போகவில்லை; தேர்வுக்கூடத்துக்கே அந்த எண்ணைக் கொடுத்தார்கள். தேர்வெழுதி முதலில் வென்ற டெர்ரி ஸ்லாட்டரியின் எண் 1026. சான்றிதழுக்கே எண் கொடுப்பதில் இவ்வளவு அக்கறை காட்டிய தேர்வு இது.

ரவுட்டர் பேசும் மொழி: தொலைபேசி வேலை பார்க்கும் ரவுட்டருக்குள் நுழையும் ஒவ்வோர் அழைப்பும் இரண்டு வாசல்களைக் கடக்கிறது. ஒன்று உள்ளே வரும் வாசல், மற்றொன்று வெளியேறும் வாசல். இந்த வாசல்களுக்குத்தான் டயல்-பியர் என்று பெயர். எந்த எண்ணுக்கு வரும் அழைப்பு எந்த வழியே போக வேண்டும், குரலை எப்படிச் சுருக்க வேண்டும், விசைகளை அழுத்தும் ஓசையை எப்படி அனுப்ப வேண்டும் என்ற விதிகள் எல்லாம் அதற்குள் இருக்கும். ஒவ்வொரு டயல்-பியருக்கும் அமைப்பவர் ஓர் அடையாள எண் கொடுக்க வேண்டும். 1 முதல் 2147483647 வரை எதையும் கொடுக்கலாம். இருநூறு கோடிக்கும் மேலான எண்கள் கையில் இருக்கும்போது 1, 2, 3 என்று போவது, பெரிய பரணில் எல்லாப் பாத்திரத்தையும் வாசலோரமாகவே குவித்து வைப்பதைப் போன்றது.

டயல்-பியருக்கு விளக்கம் எழுதிவைக்க ஒரு வசதி உண்டு. ‘இது கிளை அலுவலகத்துக்குப் போகும் வழி’ என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் அழைப்பைப் பின்தொடரும் டீபக் வரிகளில் அந்த விளக்கம் வருவதில்லை. எல்லா டயல்-பியர்களையும் ஒரே பட்டியலாகக் காட்டும் சுருக்கக் கட்டளையிலும் அது கிடையாது. அங்கே தெரிவது எண்தான். கோளாறு நேரத்தில் ரவுட்டர் மனிதனிடம் எண்ணில் பேசுகிறது. அந்த எண்ணுக்குப் பொருள் வைக்காதவர் அந்த மொழி தெரியாதவர் ஆகிவிடுகிறார்.

இதற்கு நல்ல சான்று டயல்-பியர் 0. யாரும் அமைக்காமலே ரவுட்டருக்குள் இருப்பது அது. உள்ளே வரும் அழைப்புக்குப் பொருத்தமான வாசல் எதுவும் கிடைக்காவிட்டால், ரவுட்டர் அதை 0 வழியாக ஏற்றுக்கொள்கிறது. அழைப்பு அறுந்துவிடாது; அதனாலேயே கோளாறு ஒளிந்துகொள்கிறது. தொலைபேசி நிறுவனத்தின் இணைப்பிலிருந்து வந்த அழைப்பு 0 வழியாக நுழைந்தால், உள்ளெண்ணுக்கு நேராகப் போகும் வசதி அங்கே இல்லாததால், அழைத்தவருக்கு டயல் டோன் மறுபடி கேட்கும். ஐபி வழி வந்த அழைப்பு 0 வழியாக நுழைந்தால், விசை ஓசைகளை அனுப்பும் ஏற்பாடு இராது. குரல் அஞ்சலுக்குள் போய் ரகசிய எண்ணை எத்தனை முறை அழுத்தினாலும் எதிர்முனை கண்டுகொள்ளாது. தன் வாசல்கள் எல்லாவற்றுக்கும் பொருளுள்ள எண் கொடுத்தவர் திரையில் 0 என்று பார்த்ததும், ‘இது நான் கட்டிய வாசல் அல்ல’ என்று அந்தக் கணமே தெரிந்துகொள்கிறார்.

ஒரு திட்டம், ஓர் உதாரணம்: சிசிஐஇ வினாக்களை யாரும் வெளியே சொல்லக் கூடாது என்பது தேர்வர்கள் ஏற்கும் ஒப்பந்தம். ஆகவே இங்கே சொல்வது எல்லா அலுவலகங்களுக்கும் பொருந்தும் பொதுவான ஒரு வழி. டயல்-பியருக்கு மூன்று இலக்க எண் என்று வைத்துக்கொள்வோம். முதல் இலக்கம் திசையைச் சொல்லட்டும். 100 வரிசை, தொலைபேசி நிறுவனத்திலிருந்து உள்ளே வருபவை. 200 வரிசை, தொலைபேசி நிறுவனத்தை நோக்கி வெளியே போகிறவை. 300 வரிசை, அலுவலகத் தொலைபேசிகளை நிர்வகிக்கும் சிஸ்கோவின் கால் மேனேஜர் சர்வர்களோடு பேசுபவை. 400 வரிசை, மற்ற ஊர் அலுவலகங்களுக்குப் போகிறவை.

அடுத்த இரண்டு இலக்கங்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. அமெரிக்க எண் முறையில் உள்ளூர் எண்ணுக்கு ஏழு இலக்கம் என்றால், அதற்கான வாசல் 207. முன்னால் 1 சேர்த்துப் பதினோரு இலக்கமாகப் போகும் தொலைதூர எண்ணுக்கு 211. அனைத்துலக எண்ணின் உச்ச நீளம் 15 இலக்கம் என்று தொலைபேசி எண்களுக்கான இ.164 தரம் வகுத்திருப்பதால், வெளிநாட்டு அழைப்புகளுக்கு 215. கால் மேனேஜரின் முதன்மை சர்வருக்கு 301, மாற்று சர்வருக்கு 302. இனி திரையில் ‘உள்ளே 301, வெளியே 207’ என்று வந்தால், ஊழியர் ஒருவர் உள்ளூர் எண்ணை அழைக்கிறார் என்று கான்ஃபிகரேஷனைத் திறக்காமலே தெரியும். தொலைதூர எண்ணைச் சுழற்றியும் 207 என்று வந்தால், எண்ணின் வடிவத்தை எழுதியதில் எங்கோ ஓர் இலக்கம் தவறியிருக்கிறது என்பதும் தெரியும்.

இதே எண்ணை உடன்பிறப்புகளுக்கும் கொடுக்க வேண்டும். அழைக்கும் எண்ணையோ அழைக்கப்படும் எண்ணையோ மாற்றி எழுதும் டிரான்ஸ்லேஷன் ரூலுக்கும் தனி எண் உண்டு. 211ஆம் வாசலில் பயன்படும் விதிக்கு 211 என்றே எண் கொடுத்தால், எது எதனோடு ஒட்டியது என்று தேட வேண்டியதில்லை. விதி 4, வாசல் 17இல் கட்டப்பட்டிருக்கிறது என்பதை நினைவில் வைக்க மூளையைச் செலவிடுகிறவர், அந்த மூளையை வினாவைக் கவனமாகப் படிக்கச் செலவிட்டிருக்கலாம்.

எல்லா இடத்திலும் இது இவ்வளவு எளிதாக அமைவதில்லை. ‘வாய்ஸ்’ பிரிவு இருந்த காலத்தில் சிறிய கிளைகளுக்கு ரவுட்டரையே தொலைபேசி நிலையமாக்கும் முறை முக்கியப் பாடமாக இருந்தது. அதில் தொலைபேசிக் கருவிக்கு ஓர் எண், அதில் ஒலிக்கும் இணைப்புக்கு ஓர் எண், பிறகு கருவியின் எந்தப் பொத்தானில் எந்த இணைப்பு என்று சேர்க்கும் ஒரு வரி. 3001 என்ற உள்ளெண்ணுக்கு இணைப்பின் அடையாள எண்ணாக 3001ஐயே வைக்கலாமே என்று தோன்றும். முடியாது. மொத்தம் எத்தனை இணைப்புகள் என்று முதலில் ஓர் உச்சவரம்பு சொல்ல வேண்டும். அடையாள எண் அந்த வரம்பைத் தாண்டக் கூடாது. ஆகவே கடைசி இலக்கங்களை எடுத்துக்கொள்வதே வழி. 3001க்கு இணைப்பு 1, கருவி 1. 3002க்கு இணைப்பு 2, கருவி 2. அழைப்பை நிறுத்திவைக்கும் இடங்கள் 30இலிருந்து, அறிவிப்பு ஒலிபரப்பு 40இலிருந்து என்று இடம் ஒதுக்கிவிட்டால், பொத்தானும் இணைப்பும் குறுக்கே மாறிப்போகும் தவறு அநேகமாக ஒழிந்துவிடும். வினா வந்த வரிசையில் எண் கொடுத்தவருக்கு மேலாளரின் தொலைபேசியில் வரவேற்பறையின் மணி அடிக்கும். காரணம் தேட அரை மணி நேரம் போகும்.

எண் மூன்று வகை: எண்ணிடலைக் கற்பிக்கிறவர்கள் முதலில் தெளிவுபடுத்த வேண்டியது ஒன்று உண்டு. குரல் நெட்வொர்க்கில் வரும் எண்கள் எல்லாம் ஒரே சாதி அல்ல. மக்கள் சுழற்றும் தொலைபேசி எண் ஒரு வகை. அதை வினாவே கொடுத்துவிடும். டயல்-பியரின் எண்ணைப் போன்ற அடையாள எண் இரண்டாவது வகை. அது வெறும் பெயர்ப்பலகை. 301 சிறிய எண் என்பதால் 302க்கு முன்னால் அது தேர்ந்தெடுக்கப்படும் என்று ஒருவர் நம்பினால் ஏமாந்துபோவார். ரவுட்டர் முதலில் அதிக இலக்கங்கள் பொருந்தும் வாசலைத் தேடும். சமமாக இருந்தால் முன்னுரிமை எண்ணைப் பார்க்கும். இந்த முன்னுரிமை எண்தான் மூன்றாவது வகை, வரிசை எண். அதில் 0 முதலிடம், எண் கூடக்கூட இடம் பின்னால் போகும். டிரான்ஸ்லேஷன் ரூலுக்குள் இருக்கும் வரிகளும் இந்த வகையே: மேலிருந்து முதலில் எது பொருந்துகிறதோ அதுவே செயல்படும், மீதி வரிகளுக்கு வேலை இல்லை.

பெயர்ப்பலகையையும் வரிசையையும் குழப்பிக்கொள்வதால் விளையும் தவறுகள் எத்தனையோ. ஆகவே நல்ல திட்டம் இரண்டையும் ஒத்துப்போகச் செய்யும். 301க்கு முன்னுரிமை 1, 302க்கு முன்னுரிமை 2 என்று வைத்துவிட்டால், பெயர்ப்பலகையே வரிசையையும் நினைவூட்டும்.

கால் மேனேஜரில் எண்ணுக்குப் பதில் பெயர்கள் வருகின்றன. அங்கும் இதே சங்கதிதான். பட்டியல்கள் அகரவரிசையில் நிற்பதால், ஊரின் சுருக்கத்தைப் பெயரின் முன்னால் வைத்தால் ஓர் ஊருக்குரியவை எல்லாம் அடுத்தடுத்து நிற்கும். பின்னால் வைத்தால் பட்டியல் முழுக்கச் சிதறிக் கிடக்கும்.

முன்னோர் காட்டிய வழி: எண்ணுக்குள் பொருளை வைப்பது புதிய யோசனை அல்ல. 1947இல் அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனமும் பெல் ஆய்வகமும் வட அமெரிக்காவுக்கு 86 பகுதிக் குறியீடுகளை வகுத்தன. அது சுழல் தட்டுத் தொலைபேசிக் காலம். எண் பெரிதாக இருந்தால் தட்டு திரும்பிவர நேரம் அதிகம். 0 என்றால் பத்துத் துடிப்பு. அதிக அழைப்புகள் போகும் நியூயார்க்குக்கு மிகக் குறைந்த துடிப்பில் முடியும் 212, லாஸ் ஏஞ்சலிஸுக்கு 213, சிகாகோவுக்கு 312. மாநிலம் முழுவதற்கும் ஒரே குறியீடு என்றால் நடு இலக்கம் 0, பல குறியீடுகளாகப் பிரிந்திருந்தால் நடு இலக்கம் 1. ஆபரேட்டர் நடு எண்ணைப் பார்த்தே அதைத் தெரிந்துகொண்டார். இன்றைய தேர்வர் பயிற்சியில் சுழற்றிப் பார்க்கும் அமெரிக்க எண்கள் அந்தத் திட்டத்தின் வாரிசுகளே.

தமிழ் வாசகர் முகவரியில் எழுதும் அஞ்சல் குறியீடும் இதே அறிவில் பிறந்தது. 1972 ஆகஸ்ட் 15இல் அது நடைமுறைக்கு வந்தது. 6இல் தொடங்கினால் தமிழ்நாடு அல்லது கேரளப் பக்கம், 600 என்றால் சென்னை. உறையின் மேல் இருக்கும் எழுத்து புரியாவிட்டாலும் கடிதம் ஊர் வந்து சேர்கிறது.

சிஸ்கோவே தன் ரவுட்டர்களில் இதைச் செய்து காட்டியிருக்கிறது. யாரை உள்ளே விடலாம் என்று வடிகட்டும் அக்சஸ் லிஸ்ட்டுகளில், 1 முதல் 99 வரை எளிய வகை, 100 முதல் 199 வரை விரிவான வகை. எண்ணைக் கேட்டதும் வகை தெரிந்துவிடும். அந்தப் பட்டியலுக்குள் வரிகளுக்குத் தானாக விழும் எண்கள் 10, 20, 30. நடுவில் ஒரு வரி சேர்க்க வேண்டி வந்தால் 15க்கு இடம் இருக்கிறது. தேர்வில் பிற்பகல் வினா ஒன்று, காலையில் கட்டியதன் நடுவே புதிதாக ஒன்றைச் செருகச் சொல்லும்போது, இடைவெளி விட்டு எண்ணிட்டவர் நிதானமாக இருப்பார்.

ஒரு சிறுமி அழுத்திய எண்: இதெல்லாம் மதிப்பெண் விவகாரம் மட்டும்தானா? 2013 டிசம்பர் 1 அன்று டெக்சஸ் மாநிலம் மார்ஷல் நகரின் விடுதி அறை ஒன்றில் கேரி ஹன்ட் என்ற பெண் தாக்கிக் கொல்லப்பட்டார். உடனிருந்த ஒன்பது வயது மகள், தனக்குக் கற்பித்தபடியே 911 என்ற அவசர எண்ணை நான்கு முறை அழுத்தினாள். அழைப்பு போகவே இல்லை. அந்த விடுதியின் தொலைபேசியில் வெளி இணைப்புக்கு முதலில் 9 அழுத்த வேண்டும் என்பது குழந்தைக்குத் தெரியாது. கேரியின் தந்தை தொடர்ந்து போராடியதன் பயனாக 2018 பிப்ரவரி 16இல் ‘கேரி சட்டம்’ கையெழுத்தானது. 2020 பிப்ரவரி 16 முதல் அமெரிக்காவில் புதிதாக நிறுவப்படும் பல இணைப்புத் தொலைபேசி அமைப்பு எதிலும், முன்னால் எந்த இலக்கமும் சேர்க்காமல் 911ஐ அழைக்க வழி இருந்தாக வேண்டும்.

ரவுட்டரில் இதற்கு வேண்டியது இரண்டு டயல்-பியர்கள். பழக்கத்தில் 9 சேர்த்து அழுத்துகிறவருக்கு ஒன்று, நேராக 911 அழுத்துகிறவருக்கு ஒன்று. அவற்றுக்கு 9911, 911 என்றே எண் கொடுப்பது துறையில் பலருக்கும் வழக்கம். இதன் அருமை, இல்லாததையும் இது கண்ணுக்குக் காட்டிவிடும் என்பது. பட்டியலில் 9911 இருந்து 911 இல்லையென்றால் பார்ப்பவருக்கு உடனே உறுத்தும். இருப்பது டயல்-பியர் 23, இல்லாதது டயல்-பியர் 24 என்றால் யாருக்கு உறுத்தும்? அமெரிக்க அலுவலகங்களின் தொலைபேசி அமைப்புகளைச் சென்னையிலும் கோவையிலும் பெங்களூருவிலும் உட்கார்ந்து பராமரிக்கும் பொறியாளர்கள் பலர். அந்தப் பட்டியலைப் பார்க்கும் கண் அவர்களுடையது.

மறுப்புக்கு மறுமொழி: நேரம் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. எட்டு மணி நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் மதிப்பெண். திட்டம் தீட்டிக்கொண்டிருந்தால் வேலை எப்போது முடியும்? கேள்வி நியாயமானது. ஆனால் திட்டத்தைத் தேர்வுக்கூடத்தில் தீட்டுகிறவருக்குத்தான் அந்த நேரம் செலவாகும். வீட்டில் நூறு முறை ஒரே திட்டத்தில் பயிற்சி செய்தவருக்கு அது விரல்களில் வந்துவிடுகிறது. அங்கே அவர் ஊர்களின் எண்ணிக்கையையும் சர்வர்களின் எண்ணிக்கையையும் மட்டும் தாளில் நிரப்பிக்கொள்கிறார்.

சில வினாக்கள் எண்ணைக் குறிப்பிட்டே கேட்கலாமே என்பது இன்னொரு மறுப்பு. அப்படிக் கேட்டால் வினா சொன்னதே சட்டம். அந்த ஒன்றை மட்டும் தாளில் தனியே குறித்துக்கொண்டு, மற்றவற்றைத் திட்டப்படி வைக்கலாம். திட்டத்துக்காக வினாவை மீறுவது மதிப்பெண்ணைத் தானே தூக்கிக் கொடுப்பது.

மிகையும் ஆபத்துதான். ஊர், திசை, வகை, மாடி, துறை என்று ஏழெட்டு இலக்கங்களில் எல்லாவற்றையும் திணிக்கிறவர், அந்தத் திட்டத்தைப் படிக்கவே இன்னொரு அட்டவணை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். மூன்று இலக்கம் போதும். நான்கைத் தாண்ட வேண்டாம். களைத்த மனத்துக்கும் நொடியில் விளங்குவதே நல்ல எண்.

பயிற்றுநர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இன்று பயிற்சி வகுப்புகள் பல, கட்டளைகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு நகல் எடுக்கச் சொல்கின்றன. பயிற்சிப் புத்தகத்தில் டயல்-பியர் 5 என்று இருந்தால் மாணவர் எழுதுவதும் 5. ஏன் 5 என்று அவர் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை. எங்கிருந்தோ கசிந்த வினாக்களையும் விடைகளையும் மனப்பாடம் செய்யும் கூட்டமும் இருக்கிறது. ஒப்பந்தத்தை மீறிய அந்தக் குறுக்குவழியில் போகிறவர்களுக்கு எண்கள் வெறும் கோடுகள். ஓர் இலக்கம் மாறிவிட்டாலும் எங்கே தட்டியது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

வகுப்பின் முதல் நாளில் கணினியைத் திறக்காமல், ஒரு கற்பனை அலுவலகத்துக்கு எண் அட்டவணை எழுதச் சொல்லிப் பாருங்கள். எந்த ஊர், எத்தனை தொலைபேசி, எத்தனை வெளி இணைப்பு, எது அறுந்தால் எது தாங்கும் என்று மாணவர் தாமே கேட்கத் தொடங்குவார். பிறகு ஒருவர் கட்டிய அமைப்பில் வேண்டுமென்றே ஒரு பிழையைப் புகுத்தி, மற்றவரிடம் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அடுத்தவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி எண் கொடுத்திருக்கிறாரா என்பது அங்கே தெரிந்துவிடும். நாளை வேலையில், நள்ளிரவில் அமைப்பு விழுந்து கிடக்கும்போது அதைத் திறக்கப்போகிறவர் பெரும்பாலும் அந்த ‘அடுத்தவர்’தான்.

தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இன்றைய பயிற்சியைத் தொடங்கும் முன் ஒரு தாளை எடுத்து, தங்கள் எண் அட்டவணையை எழுதிவிட வேண்டும். அதில் முதலில் எழுத வேண்டிய இரண்டு வரிகள்: 911, 9911.